குழாய்க்குள் தொலைந்த ஆறு வாட்

வேப்பிங்குக்கு, அதாவது திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியை இழுப்பதற்கு, நான் வைத்திருந்த ரெகுலேட்டட் மாட் (மின்சாரத்தை ஒரு போர்டு கட்டுப்படுத்தும் பேட்டரிப் பெட்டி) படுத்துவிட்ட அன்றுதான், இழுப்பறையில் கிடந்த செம்புக் குழாய் ஞாபகத்துக்கு வந்தது. பெட்டி முழுதாகச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. திரை எரிகிறது. அடாமைசரை (திரவத்தை ஆவியாக்கும் மேல்பகுதி) மாட்டினால் எத்தனை ஓம் என்று காட்டுகிறது. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று படம் போடுகிறது. ஃபயர் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடப்பதில்லை.

நான்கு திருகுகளைக் கழற்றிப் பிரித்தேன். அடாமைசரைத் திருகும் 510 இணைப்பின் நடு ஊசியைச் சுற்றி ஜூஸ் (ஆவியாகும் அந்தத் திரவம்) கசிந்து, போர்டு மேல் இறங்கி, தூசியோடு சேர்ந்து பாகாக உறைந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பட்டனுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ ஸ்விட்சில் மல்டிமீட்டரை வைத்து அழுத்தினால் பீப் அடிக்கிறது. அப்படியானால் ஸ்விட்ச் நல்லது, கோளாறு அதற்கு அந்தப் பக்கம். மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ, வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் பகுதியோ, ஏதோ ஒன்று. அங்கே மேலெழுத்து சுரண்டி அழிக்கப்பட்ட ஒரு சிப், அதன் மேல் கறுப்பு எபாக்சி. அதோடு என் வித்தை முடிந்தது.

செம்புக் குழாய் ஒரு நண்பன் கொடுத்தது. "பட்டன் சுடுது, இழுத்தா சத்தில்ல, நீ வேணா வெச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தான். வாங்கிப் போட்டதோடு சரி, எடுத்துப் பார்க்கவில்லை. அதை ரிப்பேர் பண்ணப்போகிறேன் என்று போனில் சொன்னபோது சிரித்தான். "கெட்டுப்போறதுக்கு அதுல என்னடா இருக்கு?"

நியாயமான கேள்விதான். மெக் (மெக்கானிக்கல்) மாட் என்பது ஒரு 18650 பேட்டரி நுழையும் உலோகக் குழாய், அவ்வளவே. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அந்த அளவில்தான் செல்லுக்கே பெயர். மேலே மூடி, மூடியில் அடாமைசர். கீழே பட்டன். பட்டனை அழுத்தினால் அதன் உட்பக்க ஊசி பேட்டரியின் மைனஸைத் தொடும், குழாயே கம்பியாகி மின்சாரத்தை மேலே கொண்டுபோகும், அடாமைசருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) சூடாகும். போர்டு இல்லை, சிப் இல்லை, ஒயர் கூட இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் உலோகம் உலோகத்தைத் தொடும் இடங்கள் ஆறு தேறின. பேட்டரி பிளஸும் அடாமைசர் ஊசியும், பேட்டரி மைனஸும் பட்டன் ஊசியும், பட்டனும் அதன் உறையும், உறையும் குழாயும், குழாயும் மேல்மூடியும், மேல்மூடியும் அடாமைசர் மரையும். இந்த ஆறில் எது கெட்டாலும் சத்து போய்விடும்.

குழாயைக் கையில் எடுத்தபோது அது கிட்டத்தட்டக் கறுப்பு. மரைகளில் பச்சைக் களிம்பு. மேல்மூடியைக் கழற்ற ரப்பர் துண்டு வைத்துத் திருக வேண்டியிருந்தது.

சுத்தம் செய்வதற்கு முன் அளந்துவிட வேண்டும், இல்லையென்றால் என்ன சரியானது என்றே தெரியாமல் போய்விடும். அதற்கு முதலில் காயில். 24 கேஜ் கந்தால் (சூடேற்றுவதற்கான உலோகக் கலவை) கம்பியை, 3 மில்லிமீட்டர் தடிமனான ஒரு கம்பியின் மேல் எட்டுச் சுற்று சுற்றி, அதே மாதிரி இன்னொன்று சுற்றி, இரண்டையும் டிரிப்பர் (ஜூஸைச் சொட்டுச் சொட்டாக விடும் அடாமைசர்) தளத்தில் மாட்டினேன். ஒரு காயில் 0.7 ஓமுக்குக் கொஞ்சம் கீழே வரும். இரண்டும் இணையாக நின்றால் பாதி. இதை மல்டிமீட்டரில் அளக்கவே கூடாது. அதன் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் மின்தடை இருக்கும், 0.35-ஐ அளக்கிற வேலையில் அது பெரிய பொய். படுத்த பெட்டியில் மாட்டினேன். ஃபயர் பண்ண மாட்டேன் என்று அடம்பிடிக்கிற அதே போர்டு, 0.35 என்று துல்லியமாகச் சொன்னது. மெக் வைத்திருக்கிறவனுக்கு எலெக்ட்ரானிக்ஸே வேண்டாம் என்று பேசுகிறவர்கள், காயிலை எதில் அளக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்கு எளிது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். அதை 0.35 ஓமால் வகுத்தால் 12 ஆம்பியர். என்னிடம் இருக்கும் சாம்சங் 25ஆர் செல் 2500 மில்லி ஆம்பியர் மணி. தொடர்ச்சியாக 20 ஆம்பியர் வரை தரலாம் என்பது அதன் கணக்கு. 4.2-ஐ 20-ஆல் வகுத்தால் 0.21 ஓம். அதற்குக் கீழே போனால் செல்லைக் கெஞ்ச வேண்டியிருக்கும், அது கேட்காது. ரெகுலேட்டட் பெட்டியில் 0.1 ஓம் காயிலை மாட்டினால் ஒன்று வாட்டைக் குறைத்துக்கொள்ளும், இல்லை மறுத்துவிடும். மெக்கில் மறுக்கிற ஆள் நான்தான்.

காயிலுக்குள் வைத்த பஞ்சை ஜூஸில் நனைத்து, செல்லைப் போட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அடாமைசரின் பிளஸ், மைனஸ் தூண்களில் வைத்து, இரண்டு நொடி அழுத்தினேன். சும்மா இருந்தபோது செல் 4.16 வோல்ட். அழுத்தியபோது தூண்களில் வந்தது 3.28. கிட்டத்தட்ட 0.9 வோல்ட்டைக் காணோம். இதில் செல்லே தன் உள்தடையால் 0.2-க்குக் கொஞ்சம் மேலே தின்னும், அது இயல்பு. மிச்சம் 0.65 வோல்ட் குழாய்க்குள் எங்கோ தொலைகிறது. ஓடுகிற மின்சாரம் 9.4 ஆம்பியர். பெருக்கினால் ஆறு வாட். காயிலுக்குப் போக வேண்டியது குழாயைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடித்ததுதான் எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டம். ஒரு முனையைக் குழாயின் மேல்பகுதியில், சுரண்டிப் பளிச்சென்று ஆக்கிய ஒரு புள்ளியில் வைத்தேன். இன்னொரு முனையாலேயே பட்டனை உள்ளே அழுத்தினேன். பட்டனும் குழாயும் ஒரே கம்பியின் இரண்டு இடங்கள் மாதிரி. நடுவே வோல்ட்டேஜ் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 0.45. அந்த 0.45 வோல்ட்டும் 9.4 ஆம்பியரும் சேர்ந்து நான்கு வாட்டுக்கு மேல், ஒரு சட்டைப் பொத்தான் அளவு செம்பில் இறங்குகிறது. சுடாமல் என்ன செய்யும்?

பட்டனைப் பிரித்ததும் கதை புரிந்தது. மின்சாரம் போக வேண்டிய வழி, பட்டனின் பக்கச் சுவரும் அது உரசுகிற உறையும். இரண்டுமே கறுத்து, மேலே ஜூஸ் படலம் பூசியிருந்தது. அந்த வழி அடைபட்டதும் மின்சாரம் ஸ்பிரிங் வழியாக ஓடியிருக்கிறது. ஸ்பிரிங் என்பது மெல்லிய எஃகுக் கம்பி. செம்பை நூறு என்று வைத்தால் சாதாரண துருப்பிடிக்காத எஃகின் கடத்தும் திறன் மூன்றைக்கூடத் தொடாது. அந்தக் கம்பியில் ஒன்பது ஆம்பியரைப் பிடித்து ஓட்டினால், அது காயில் செய்கிற வேலையைத் தானும் செய்ய ஆரம்பிக்கும். ஸ்பிரிங் பழுப்பேறி, முறுக்கு விட்டு, அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே சோர்ந்து நின்றது. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் பட்டன் உள்ளே போனது போனபடியே நின்றிருக்கும். அப்படி நிற்கிறதைத்தான் ஆட்டோ ஃபயர் என்கிறார்கள். சட்டைப் பையில் அது நடக்கக் கூடாது.

சுத்தம் செய்த விவரத்தை நீட்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் வளையங்களைக் கழற்றி ஓரமாக வைத்தேன். செம்புத் துண்டுகளை வெந்நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தில், ஒரு சிட்டிகை உப்போடு, ஐந்து நிமிடம் ஊறப்போட்டேன். கறுப்பு விட்டு இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. சோடா உப்புக் கரைசலில் முக்கி, நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். தொடும் பரப்புகளை மட்டும் 2000 எண் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்தேன். உங்கள் மாடில் தொடும் இடங்களுக்கு வெள்ளி முலாம் இருந்தால் உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், துணியோடு நிறுத்துங்கள். முலாம் போனால் திரும்பாது.

ஸ்பிரிங்குக்கு முதலில் சோம்பேறித்தனமாக ஒரு பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டேன். செல் இல்லாமல் குழாயை மேசையில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், குழாய் தன் எடையிலேயே பட்டனை உள்ளே அழுத்திக்கொண்டு உட்கார்ந்தது. நல்லவேளை, சோதிக்கிற பழக்கம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளும் இரண்டு வளையக் காந்தங்கள் போடலாம் என்றும் யோசித்தேன். பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். அழுத்தினால் வெண்ணெய் மாதிரி இறங்கும். ஆனால் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பலமிழக்கத் தொடங்கும். எங்காவது மறுபடி சூடேறினால் ஸ்பிரிங் செய்த துரோகத்தைக் காந்தமும் செய்யும். கடைசியில் பழைய ஸ்பிரிங் அளவிலேயே, கம்பி கொஞ்சம் தடித்த புது ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் போட்டேன். கட்டை விரலுக்கு உழைப்பு அதிகம்தான். பரவாயில்லை.

மரைகளில் மின்தொடர்புகளுக்கென்று விற்கும் கிரீஸை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மட்டும் தடவி, துடைத்தும் விட்டேன். அதன் வேலை களிம்பு ஏறாமல் பார்த்துக்கொள்வது.

மறுபடி அதே செல், அதே காயில், அதே 4.16. அழுத்தினேன். தூண்களில் 3.80. பட்டனுக்கும் குழாய்க்கும் நடுவே 0.03. காயிலுக்கு முன்பு போனது ஏறக்குறைய 31 வாட், இப்போது 41. காயிலைத் தொடவில்லை, செல்லை மாற்றவில்லை. அழுக்கை எடுத்ததற்குக் கிடைத்த பத்து வாட். குழாய்க்குள் தொலைந்தது ஆறு, கிடைத்தது எப்படிப் பத்து என்று கேட்பீர்கள். தடை குறைந்ததும் ஓடுகிற மின்சாரமே கூடிவிட்டது, அதனால்தான்.

முதல் இழுப்புக்கு முன் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். நான் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் இந்த இரண்டையும் விடுவதில்லை.

ஒன்று, செல்லின் உறை. 18650-இன் மேல்நுனியில் இருக்கும் சின்ன மொட்டு மட்டும்தான் பிளஸ். மிச்சம் உடம்பு முழுக்க, மொட்டைச் சுற்றியிருக்கும் விளிம்பு உட்பட, மைனஸ். நடுவே காப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும். பக்கவாட்டில் உறை கிழிந்து செல்லின் உடம்பு குழாயைத் தொட்டால், மெக்கில் பட்டனுக்கே வேலையில்லை. மின்சாரம் பட்டனைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஓடும், காயில் தானாகச் சூடேறும். நகக்கண் அளவு கிழிசல் போதும். என் செல்லில் மேல்விளிம்பருகே ஒரு கீறல் இருந்தது. புது உறை மாட்டி, ஹேர் டிரையரில் சுருக்கினேன்.

இரண்டு, அடாமைசரின் ஊசி. இந்தக் குழாய் ஹைப்ரிட் வகை. மேல்மூடியில் தனி ஊசி கிடையாது. அடாமைசரின் 510 ஊசியே நேராகப் பேட்டரி மொட்டைத் தொடும். ஊசி, சுற்றியுள்ள மரையை விட நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அசையாமலும் நிற்க வேண்டும். நீட்டவில்லை என்றால் மரையின் விளிம்பு செல்லின் மேல்பக்கத்தில் உட்கார்ந்து, மொட்டையும் மைனஸ் விளிம்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். காயில் வழியாகப் போகாத நேரடி ஷார்ட் சர்க்யூட். டிரிப்பர் தளத்தைத் தலைகீழாக வைத்து, ஊசியின் மேல் எஃகு ஸ்கேலின் ஓரத்தை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தேன். ஸ்கேலுக்கும் மரைக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத வெளிச்சக் கீற்று. சரி. அடுத்து, ஆசைக்கு என் பழைய டேங்கையும் (ஜூஸை நிரப்பி வைக்கும் வகை அடாமைசர்) அதே மாதிரி பிடித்தேன். கீற்றே இல்லை. அந்த டேங்கைத்தான் அன்று சாயங்காலம் இதில் மாட்டலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தேன். உள்ளங்கை வேர்த்தது.

இது மிகைப்படுத்தல் இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் இப்படிப் பாதுகாப்புச் சுற்று இல்லாத சாதனம் ஒன்று வெடித்து ஒருவர் இறந்தார். என் குழாயின் அடிப்பக்கத்தில் மூன்று துளைகள் இருக்கின்றன. செல் வாயுவைக் கக்கினால் வெளியேற வழி. அவற்றில் அடைந்திருந்த அழுக்கையும் ஊசியால் குத்தி எடுத்தேன். துளை இல்லாத குழாயைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டேன்.

பிறகு இழுத்தேன்.

இவ்வளவு வம்பு இருந்தும் சிலர் ஏன் மெக்கை விட மாட்டேன் என்கிறார்கள்? அதில் புகை அதிகம், தொண்டையில் விழும் அடி பலம் என்பது வழக்கமாக வரும் பதில். ஒரு காலத்தில் அது உண்மை. 2013 வாக்கில் பேர்பெற்ற போர்டு ஒன்றின் உச்சமே 20 வாட்தான். குறைந்த ஓம் காயிலை மதித்து நடத்துகிற தைரியம் வெறும் குழாய்க்குத்தான் இருந்தது. இன்று இரண்டு செல் பெட்டி நூறு வாட்டை அலட்டாமல் தரும். என் குழாய் 41-ல் தொடங்குகிறது, அதுவும் தொடக்கத்தில் மட்டும். புகை அளவில் போட்டி போட்டால் மெக் தோற்கும். அந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பழைய வாக்கியத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் இதையே வைத்திருந்ததில் எனக்குப் பட்டது வேறு. செல் குறைவது வாய்க்குத் தெரிகிறது. வோல்ட்டேஜ் 4.2-லிருந்து 3.6-க்கு இறங்கும்போது, வாட் அதன் வர்க்கத்தில் இறங்கும். கால் பங்குக்கு மேல் போய்விடும். காலையில் சூடாக, அடர்த்தியாக இருந்த இழுப்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து, மதியத்துக்கு மேல் சுவை மேலெழுந்து வரும். 3.8 அருகே இருக்கிற அரை மணி நேரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. சோர்ந்துவிட்டது என்று நாக்கு சொல்லும்போது எடுத்து அளந்தால் 3.5 பக்கம் இருக்கும், மாற்றிவிடுவேன். பெட்டியில் இந்த ஏற்ற இறக்கமே கிடையாது. 40 வாட் என்றால் கடைசிச் சொட்டு வரை 40 வாட். அதற்காக, செல் இறங்க இறங்க அதிக ஆம்பியரை உறிஞ்சும். செல் களைத்திருக்கும் நேரத்தில்தான் அதன் மேல் பாரம் கூடும். மெக்கில் செல் களைத்தால் நானும் குறைத்துக்கொள்கிறேன். பத்து நொடி ஆனதும் தானாக நிறுத்துகிற வேலையும் இங்கே இல்லை, மெனுவும் இல்லை, ஐந்து முறை தட்டினால் அணையும் சங்கதியும் இல்லை. பூட்டு என்பது அடியில் இருக்கிற ஒரு வளையம். திருகினால் பட்டன் அசையாது, அதையும் கண்ணால் பார்க்கலாம்.

ஆனாலும் இதெல்லாம் இரண்டாம் பட்சம். பட்டன் சுட்டது, ஏன் சுட்டது என்று அரை மணி நேரத்தில் என்னால் காட்ட முடிந்தது. பெட்டி நின்றது, எபாக்சிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. மெக் பிரியர்கள் "சிம்பிள்" என்று சொல்லும்போது அவர்கள் சொல்லவருவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் மெக் பாதுகாப்பானது ஆகிவிடாது. தலைகீழாகச் செல்லைப் போட்டால், ஷார்ட் ஆனால், ஓம் குறைந்தால், செல் காலியானால் பெட்டி என்னை நிறுத்தியிருக்கும். இங்கே அந்த நான்கு வேலையும் என் தலையில். தலைவலி, தூக்கக் கலக்கம் இருக்கும் நாளில் நான் இதில் காயில் மாற்றுவதில்லை. வெளியே கிளம்பினால் எடுத்துப்போவது புதிதாக வாங்கிய ஒரு சின்ன ரெகுலேட்டட் பெட்டியைத்தான். வேப்பிங்குக்குப் புதியவர் யாராவது மெக் கேட்டால் கொடுக்கமாட்டேன். புகைப் பழக்கமே இல்லாதவர் நிகோடின் பக்கம் வரவே தேவையில்லை என்பது வேறு.

நண்பன் வந்தான். குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு இழுப்பு இழுத்தான், பட்டனை விரலால் தடவினான். "சுடலியே. என்னடா மாத்தின?"

"ஒரு ஸ்பிரிங்."

"அவ்வளவுதானா? அப்போ திருப்பிக் குடு."

கொடுக்கவில்லை. ஸ்கேலையும் அந்தக் கீற்றையும் காட்டி, அவன் மாட்டிக்கொண்டிருந்த டேங்க் எது என்று கேட்டேன். காட்டினான். ஊசி மரையோடு சமமாக இருந்தது. இந்தக் குழாயில் அதையும் மாட்டியிருக்கிறாயா என்று கேட்டதற்கு, "ரெண்டு மூணு வாட்டி" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

படுத்த பெட்டி இப்போது மேசையில் ஓம் மீட்டராக நிரந்தர வேலையில் இருக்கிறது. செம்பு மறுபடி கறுக்கத் தொடங்கிவிட்டது. விரல் படும் இடம் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. நேற்று பட்டனுக்கும் குழாய்க்கும் நடுவே மறுபடி அளந்தேன். 0.05. மூன்று வாரத்துக்கு முன் 0.03. ஞாயிற்றுக்கிழமை பட்டனைப் பிரித்துத் துடைக்க வேண்டும்.